படகை இழுக்கும்போது மட்டும் பழைய கெப் (பிக்கப் வண்டி) சூடேறுவது ஏன்?

வெறும் கெப் நிலாவெளிக்குப் போய்வந்தால் ஒன்றுமில்லை, படகு டிரெய்லரைக் கட்டி ஹபரணைப் பக்கம் இழுத்தால்தான் வெப்பமானி முள் சிவப்புக்குப் போகிறது என்கிறீர்கள். சரி, எந்த வேகத்தில் ஏறுகிறது? மெதுவாகப் போகையில் ஏறி, வேகமெடுத்தால் இறங்கினால் விசிறி கிளச்சில்தான் (எஞ்சின் சூடேறும்போது ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோடு பிணைத்துச் சுழற்றும் பாகம்) முதல் சந்தேகம். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறுமுன் விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் கிளச் போய்விட்டது. வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. நம் உப்புக்காற்றில் அதன் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிரும். கசிவே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்யுங்கள்; குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. சூட்டில் மட்டும் திறக்காதீர்கள், என் சித்தப்பாவின் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.