மூன்று தவணை போட்டும் பேதி வந்ததே!

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எட்டு மாதக் குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டாச்சு. போன வாரம் மூன்று நாள் பேதி. அரசாங்க மருந்து வேலை செய்யாது, தனியாரில் மறுபடி போடுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். போடலாமா?"

வேண்டாம்மா. 6, 10, 14-ஆவது வாரங்களில் போட்டிருந்தால் போதும். பேதிக்குப் பல கிருமிகள் காரணம். இந்த மருந்து ரோட்டா வைரஸை மட்டுமே தடுக்கும். அதுவும் பேதியே வராமல் அல்ல, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றாமல். வேலூர், புனே, டில்லிக் குழந்தைகளிடம் ரோட்டாவேக் என்னும் ரோட்டா சொட்டு மருந்தைச் சோதித்தபோது, முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. உங்கள் குழந்தை வீட்டிலேயே தேறியது. அப்புறம் மருந்து வீண் என்று எப்படிச் சொல்வது?

பிரசவத்துக்குத் தாய்வீடு போய், தவணை தவறியவர்கள் கவனியுங்கள். அரசுத் திட்டத்தில் ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். ஏழு மாதமானாலும் சரி, பதினோரு மாதமானாலும் சரி. தொடங்கிவிட்டால், ஒரு வயது தாண்டினாலும் மீதியை நான்கு வார இடைவெளியில் முடிக்கலாம். ஒரு தவணைகூடப் போடாமல் ஒரு வயது கடந்தால் கிடையாது. போலியோவும் சொட்டுதான் என்பதால் பலர் குழம்புகிறார்கள். தடுப்பூசி அட்டையில் ரோட்டா கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இதை விளக்கிச் சொல்ல நர்ஸம்மாவுக்கு நேரம் ஏது? மலையில் இத்தனை ஊரையும் ஒருவர் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

என் கோபமெல்லாம் பேதிக்கென்று கடைகளில் விற்கும் அட்டைப்பெட்டி பானங்கள் மேல். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, பேதியைக் கூட்டிவிடும். 'ஓ.ஆர்.எஸ்.' (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) என்று பெயர் போட்டு விற்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் கண்டிப்பாக உத்தரவிட்டது. அதுவரை எத்தனை தாய்மார் காசைக் கரைத்தார்களோ! துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே கேளுங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்; துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள்.

கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தமோ பச்சை வாந்தியோ கண்டாலோ, 'ஒரு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும்' என்னும் ஊர் ஊசிக்காரரிடம் நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மலைப்பாதையில் சேலம் இறங்கவே நேரமாகும்.