கேளுங்கள்: உறுப்புச் சிப்

உறுப்புச் சிப் என்கிறார்களே, அது ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி உறுப்பா?

இல்லை. உறுப்பில் ஒரு வேலை நடக்கும் இடத்தை மட்டும், நுண் கால்வாய்கள் உள்ள சிறு சிப்பில் செல்களைக்கொண்டு அமைப்பது. 2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டான் ஹூ, டொனால்டு இங்பர் குழுவினர் வெளியிட்ட நுரையீரல் சிப்பில், நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் காற்றறைச் செல்கள், மறுபக்கம் ரத்தக்குழாய்ச் செல்கள். கால்வாயின் இரு ஓரத்து அறைகளிலும் வெற்றிடம் இழுத்து விட, சவ்வு மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். அவ்வளவுதான்.

பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் செய்த சிப்பில் செல்கள் நன்றாக ஒட்டுகின்றன. பம்ப்பை ஓடவிட்டு மறுநாள் பார்த்தால் பாதிக் கால்வாய் காலி. செல்லில்தான் கோளாறா?

முதலில் குமிழியைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த மீடியத்தில் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) காற்று அதிகம் கரைந்திருக்கும். இன்குபேட்டரில் 37 டிகிரிக்குச் சூடேறும்போது வெளியே வந்துவிடும். குமிழியின் விளிம்பு செல்கள்மேல் நகர்ந்தால் பரப்பு இழுவிசையே அவற்றை உரித்துவிடும். காலியான இடம் வெட்டியதுபோல் விளிம்போடு இருந்தால் பெரும்பாலும் இதுதான். அங்கங்கே உதிர்ந்திருந்தால் செல்கள் ஒட்டுவதற்காகப் பூசும் கொலாஜன் அல்லது ஃபைப்ரோநெக்டின் புரதப் பூச்சைப் பாருங்கள்.

மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, 10–15 நிமிடம் வெற்றிடத்தில் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடும் போய் அமிலத்தன்மை குறைவதால், அதிலுள்ள நிறங்காட்டி மீடியத்தை ஊதாவாக மாற்றும். மூடியைத் தளர்த்தி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் நிறம் திரும்பும்வரை வைத்த பிறகே பயன்படுத்துங்கள். பூச்சுக்கு முன் சிப்பை 70 சதவீத எத்தனாலால் நிரப்பினால் மூலைமுடுக்கிலும் ஈரம் பிடிக்கும். பின் பஃபரால் நன்றாக அலசுங்கள். குழாயைச் செருகும்போது சிப்பின் வாயிலும் குழாய் நுனியிலும் ஒவ்வொரு துளி நிற்க வேண்டும், துளியோடு துளி சேர வேண்டும். வரும் குமிழியைப் பிடித்துவைக்கும் குமிழிப் பொறியை இன்குபேட்டருக்குள், சிப்பை ஒட்டியே வையுங்கள். வெளியே வைத்துப் பயனில்லை. மாட்டிய குமிழியை வேகமாகத் தள்ளி வெளியேற்றுவது பலருக்கும் கை வந்த தவறு: மிச்சமிருக்கும் செல்களும் போகும்.

செல்களைச் சிப்பில் விதைத்தபின் சில மணி நேரம் ஓட்டமின்றி விட்டு, மணிக்கு 30 மைக்ரோலிட்டரில் தொடங்குங்கள். கால்வாயின் உயரத்தைப் பாதியாக்கினால், அதே ஓட்டத்தில் செல்மேல் உராய்விசை நான்கு மடங்காகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதே சிப்பில் மருந்து கொடுத்தால் விளைவே தெரிவதில்லை. ஏன்?

எண்ணெய்த் தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உறிஞ்சிவிடும். செல் இல்லாத சிப்பில் மருந்தை ஓடவிட்டு, வெளிவரும் செறிவை அளவிடுங்கள். குறைந்திருந்தால் சைக்ளிக் ஓலிஃபின் பிளாஸ்டிக்குக்கு மாறலாம். அதன் வழியே ஆக்சிஜன் அவ்வளவாக ஊடுருவாது; ஆக்சிஜனை மீடியம்தான் கொண்டுவர வேண்டும், எனவே ஓட்டத்தைக் கூட்டுங்கள்.