குழந்தைகள் வார்டில் எந்த வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது?

நர்சிங் முடித்துக் குழந்தைகள் வார்டில் சேரப் போகிறேன், எல்லா வயதுக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரி பேசினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவராது. நானும் குழந்தைகள் வார்டில்தான் வேலை பார்க்கிறேன். எல்லாக் குழந்தைகளும் ஊசியைப் பார்த்துத்தான் அழுகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பயம் வயதுக்கு வயது வேறு. அது எந்தப் பயம் என்று பிடித்துவிட்டால், பேச வேண்டியது தானாக வந்துவிடும்.

மூன்று முதல் ஆறு வயதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வார்டில் அதிகம் சிரமப்படுவது இவர்களிடம்தான். எது நடந்தாலும் தன்னால்தான் நடந்தது என்று நம்புகிற வயது அது. தம்பியை அடித்தேன், அதனால் காய்ச்சல் வந்தது என்று நினைக்கும். போதாததற்கு, "சாப்பிடலன்னா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று வீட்டில் வேறு மிரட்டியிருப்பார்கள். நாம் ட்ரேயோடு போய் நிற்கும்போது தண்டனை வந்துவிட்டது என்றுதான் அந்தக் குழந்தைக்குத் தோன்றும். "நீ ஒரு தப்பும் பண்ணலடா கண்ணா, யாருக்கும் உன்மேல கோபம் இல்ல, இது காய்ச்சல் போறதுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசியைக் காட்டி மிரட்ட வேண்டாம் என்று அம்மாவிடமும் தனியாகச் சொல்லுங்கள், குழந்தை முன்னால் வேண்டாம்.

இதே வயதில் இன்னொரு பயமும் உண்டு. தோலில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் ரத்தமெல்லாம் வெளியே போய்விடும் என்பது. டெங்குக்காகத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கும்போது இது அதிகமாகும். குத்திய இடத்தில் பேண்டெய்ட் ஒட்டியதும் அழுகை பாதி குறைவது அதனால்தான். ரத்தம் நின்ற பிறகும் ஒட்டுங்கள், வீண்செலவு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், "எறும்பு கடிக்கிற மாதிரிதான், வலிக்கவே வலிக்காது" என்று எந்த வயதுக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். முதல் முறை நம்பும். அடுத்த ஷிப்டில் வருகிற சிஸ்டரைக்கூட அது நம்பாது. "சுருக்குனு வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும், அழணும்னா அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாம வெச்சுக்கோ" என்றால் போதும். "ஊசி போட்டுக்கலாமா?" என்றும் கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்லும், அதற்குப் பிறகும் போட்டால் எதற்குக் கேட்டோம்? "அம்மா மடியில உக்காந்துக்கறியா, கட்டில்லயா?" என்று கேளுங்கள், அது உண்மையிலேயே குழந்தை முடிவு செய்யக்கூடியது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் விட்டுவைக்கும் சிறு குழாய்) போடும் முன் எந்தக் கையால் எழுதுவாய், எந்த விரலைச் சூப்புவாய் என்று விசாரித்து, ரத்தக்குழாய் கிடைத்தால் மற்ற கையில் போடுங்கள். முடிந்தவரை கட்டிலில் வைத்துக் குத்தாமல் ட்ரீட்மென்ட் ரூமுக்குக் கூட்டிப் போங்கள். கட்டிலிலாவது குழந்தை பயமில்லாமல் படுத்திருக்கட்டும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை, ஊசியைவிட அம்மா போய்விடுவாளோ என்பதுதான் பெரிய பயம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அங்கே தனியாக விடப்பட்ட குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார். முதலில் கத்தி அழுகிறார்கள், பிறகு சோர்ந்து சுருண்டுவிடுகிறார்கள், கடைசியில் அம்மா வந்தாலும் முகம் கொடுப்பதில்லை என்று கண்டார். அங்கிருந்தவர்கள் அந்த இரண்டாவது கட்டத்தை, "பிள்ளை பழகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோரைத் தடையில்லாமல் விட வேண்டும் என்று 1959இல் அங்கே அரசுக் குழு ஒன்று கொடுத்த பிளாட் அறிக்கை சொன்னது. நம் வார்டுகளில் அம்மா கூடவே இருப்பது வழக்கம், ஆனால் ஐசியூவில் அப்படி இல்லை. அங்கே சத்தமில்லாமல் கிடக்கிற இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்தால், சமர்த்து என்று நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.

அம்மா வெளியே போகும்போது விளையாட்டுக் காட்டிவிட்டு நைசாக நழுவ விடாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். "நாலு மணிக்கு வருவாங்க" என்றால் அதற்குப் புரியாது. "நீ பால் குடிச்சு முடிச்சதும் வருவாங்க" என்று சொல்லி, அதன்படியே வரச் சொல்லுங்கள். வீட்டில் பாத்ரூம் போகப் பழகிய குழந்தை இங்கே படுக்கையை நனைத்தால் அதட்ட வேண்டாம் என்றும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். உடம்பு சரியில்லாதபோது அப்படி ஆவது சகஜம், பிறகு சரியாகிவிடும்.

கைக்குழந்தைக்கு நம் வார்த்தை புரியாது, குரலும் கையும் புரியும். ஏழு எட்டு மாதத்தில் புது முகம் என்றாலே வீறிடும். அதனால் நேரே போய்த் தூக்காதீர்கள். அம்மா மடியில் இருக்கும்போதே, தொடாமல், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிறகு ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர் கடைசி. அழ ஆரம்பித்தால் எந்தக் கணக்கும் சரியாக வராது. தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள், வலி குறையும். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் இதைப் பரிந்துரைத்திருக்கிறது.

வலியை அளக்கவும் வயது பார்க்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிற ஃபிளாக் அளவுகோல் இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் வாங்-பேக்கர் அளவுகோலில் சிரிப்பிலிருந்து அழுகை வரை இருக்கும் ஆறு முகப் படங்களைக் காட்டலாம். எந்த முகம் பிடிச்சிருக்கு என்று கேட்டால் சிரிக்கிற முகத்தைத்தான் காட்டும். எவ்வளவு வலிக்குது என்று கேளுங்கள்.

ஏழு முதல் பதினொன்று வரை உள்ளவர்களுக்கு ஏன், எப்படி என்று தெரிய வேண்டும். சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு இன்சுலின் என்ன செய்கிறது என்று படம் போட்டுக் காட்டி, ரத்தத்தில் சர்க்கரை பார்க்க எந்த விரலில் குத்தலாம் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அழுவதற்கு வெட்கப்படுவான், ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள்.

பதின்வயதுப் பெண்ணிடம் பேச வேண்டியதை அம்மாவைப் பார்த்துப் பேசாதீர்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினாள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையெல்லாம் அம்மா டீ வாங்கப் போன நேரத்தில்தான் சொல்வாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்தானது என்றால் டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை, நீங்கள் எதையும் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.