நிக்கல் வால்வு ஏற்றுமதி: லைசென்ஸ் வேண்டுமா?

வணக்கமுங்க அண்ணா. கணபதிப் பட்டறையில் நிக்கல் கலவை பெல்லோஸ் சீல் வால்வுக்கு (கசிவைத் தடுக்க மடிப்புக் குழாய் வைத்த வால்வு) வெளிநாட்டு ஆர்டர் வந்ததாகவும், "அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியாவே கையெழுத்துப் போடவில்லை, எனக்கெதற்கு லைசென்ஸ்?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

கையெழுத்துப் போடாத காரணம் வேறுங்க. 1967க்கு முன் அணுகுண்டு வெடித்த ஐந்து நாடுகளுக்கு வெண்ணெய், மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு என்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. அணு ஆயுதத் தொழில்நுட்பம் கைமாறுவதை நம் அரசும் எதிர்க்கிறது. அதைத் தடுக்க 2005ல் போட்ட தனிச் சட்டமே உண்டு. இந்த வகை வால்வு, அணுகுண்டுக்கும் உதவும்படி யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலைக்கும் போகும்; அதனால்தான் உங்களுக்கும் லைசென்ஸ் கேள்வி வருகிறது.

முதலில் ஸ்கோமெட் பட்டியலை (ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய, அனுமதி பெற்றே ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருட்களின் அரசுப் பட்டியல்) எடுத்து, வால்வின் அளவு, உள்ளே படும் உலோகம், சீல் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) அனுமதி வரும்வரை பெட்டி கட்ட வேண்டாம். அப்புறம், பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று எழுதித் தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றை நீங்கள் கேட்டும் வாங்குபவர் மழுப்பினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.