குரல வச்சு பொய் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில ஒரு பைக் ஆக்சிடென்ட்ட நேர்ல பாத்தேங்க. போலீஸ் விசாரிச்சு செல்போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டாங்க. பயத்துல குரல் நடுங்கிருச்சு. கம்ப்யூட்டர் அத வச்சு நான் பொய் சொல்றேன்னு சொல்லிருமா? – ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பயப்படாதீங்கம்மா. குரல் நடுக்கத்த வச்சு பொய்ய கண்டுபிடிக்கிற சாப்ட்வேர்னு விக்கிறாங்க, ஆனா அத நம்ப முடியாதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு, ஏன்னா பயம், குளிரு, சளி, தூக்கமில்லாம இருக்கறது எல்லாமே குரல மாத்தும், அதுல எது பொய்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? உண்மை கண்டறியும் சோதனையையே சம்மதமில்லாம பண்ணக்கூடாதுன்னு 2010ல செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

ரெக்கார்டு பண்ண பேச்ச கம்ப்யூட்டர் எழுத்தாக்குறது வேற விஷயம். மணிக்கணக்கான ரெக்கார்டிங்ல ஒரு வண்டி நம்பரயோ நேரத்தயோ தேட அது நெஜமாவே உதவும். ஆனா நம்ம சேலத்துப் பேச்சுல அது தடுமாறும். நீங்க "பாக்கலங்க"ன்னு சொன்னத "பாக்கணுங்க"ன்னு அடிச்சுட்டா மொத்த சாட்சியமும் தலைகீழாயிரும், அதனால ஒரு ஆளு உக்காந்து ஆடியோவோட ஒத்துப் பாக்காம அந்த எழுத்த பைல்ல சேக்கவே கூடாதுங்கறது என் உறுதியான கருத்து.

உங்க வாக்குமூலத்த வாசிச்சுக் காட்டச் சொல்லி கேளுங்க, தப்பிருந்தா அங்கயே திருத்தச் சொல்லுங்க. போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலத்துல கையெழுத்து போட வேண்டியதில்ல, பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 181வது பிரிவு அத சொல்லுது. இன்னொன்னு, சாட்சி பொம்பளயா இருந்தா ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கே வந்து தான் விசாரிக்கணும், 179வது பிரிவு.