வாசகர் கேள்விகள்: உணவு வங்கியின் கிடங்குக்குள்ளே

கேள்வி: உணவு வங்கி என்பதும் பசித்தவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் கூடமும் ஒன்றுதானா?

பதில்: நோக்கம் ஒன்று, வேலை வேறு. உணவுக்கூடத்தில் அடுப்பு எரியும், பந்தி நடக்கும். ஒரு வட்டாரம் முழுவதற்குமான உணவு வங்கியோ பெரும்பாலும் ஒரு கிடங்குதான். விளைவித்தும் விலை போகாத காய்கனி, உறை தவறாக அச்சிடப்பட்டதால் கடைக்குப் போகாமல் ஆலையிலேயே நின்றுவிட்ட பொட்டலங்கள், அங்காடிகள் அலமாரியிலிருந்து இறக்கிவைத்த பொருட்கள் ஆகியவற்றை அது மொத்தமாகப் பெற்று, சோதித்துப் பிரித்து, சுற்றியுள்ள ஊர்களின் சிறு தொண்டு நிலையங்களுக்கு அனுப்புகிறது. மக்கள் அங்கிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். ஒரு சிறிய நிலையத்தின் வாசலில் முழு லாரிச் சுமையை இறக்கினால் வைக்க இடமிருக்காது. ஓர் ஆலையிடம் நூறு நிலையங்களோடு தனித்தனியே பேசச் சொன்னால், குப்பையில் கொட்டுவதே எளிது என்று முடிவெடுத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் உணவு வங்கி நிற்கிறது.

இந்த ஏற்பாடு 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கிய ஜான் வான் ஹெங்கல், அதற்கு முன் ஓர் இலவச உணவுக்கூடத்தில் தொண்டு செய்துவந்தவர். கடைகளின் கழிவுத் தொட்டிகளில் கிடைத்ததைக் கொண்டு தம் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாய், பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதுபோல உணவுக்கும் ஓர் இடம் இருந்தால் என்ன என்று அவரிடம் கேட்டதாகவும், பெயர் அதிலிருந்து பிறந்ததாகவும் சொல்வார்கள். பழைய அடுமனை ஒன்றில் இயங்கத் தொடங்கிய அந்த வங்கி, முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவைப் பங்கிட்டது.

கேள்வி: இவ்வளவு பெரிய வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யாமல், வந்து போகும் தன்னார்வலர்களை ஏன் நம்பியிருக்கிறார்கள்?

பதில்: சம்பளத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுவது, சுமைதூக்கி இயந்திரத்தை இயக்குவது, இருப்புக் கணக்கு, குளிர்பதன அறையின் வெப்பநிலையைக் கண்காணிப்பது போன்றவற்றை நாளொரு கையிடம் விட முடியாது. தன்னார்வலர்களின் இடம் பிரிப்பு மேசை. நன்கொடையாக வரும் பெட்டிகளில் எல்லாம் கலந்தே வரும்: ஒன்றின் மேலுறை கிழிந்திருக்கும், ஒன்றில் பொருட்பட்டியல் அழிந்திருக்கும், மூட்டைக்குள் ஒரு காய் அழுகி, அடுத்ததையும் கெடுக்கத் தொடங்கியிருக்கும். உப்பிய தகரக்குப்பி, விளிம்பின் இணைப்பில் நசுங்கிய குப்பி, மூடியின் முத்திரை தளர்ந்த கண்ணாடிக் குடுவை ஆகியவற்றைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். பக்கவாட்டில் லேசாக நெளிந்த குப்பியையோ வீணாக்கக் கூடாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அரை மணி நேரப் பயிற்சியும், அதற்குப் பின் பொறுமையான கண்களும் போதும்.

கணக்கும் இதே திசையைத்தான் காட்டுகிறது. உணவு இலவசமாக வந்தாலும் அதைப் பிரிக்கும் நேரம் இலவசமாக வருவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் கூலி கொடுத்தால், பல பெட்டிகளில் கூலியே பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். அத்தகைய நன்கொடையை ஏற்காமல் திருப்பி அனுப்புவதே சிக்கனம் என்றாகிவிடும். ஆகவே தன்னார்வலர் தரும் மணி நேரம், எந்த உணவு காப்பாற்றத் தக்கது என்ற எல்லையையே மாற்றியமைக்கிறது என்பேன்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகையை ஒட்டி வரும் கூட்டம் சில நேரங்களில் மேசைகளைவிடப் பெரிதாகிவிடுகிறது. அடுத்த மாதம் அதே மேசைகள் ஆளின்றிக் கிடக்கின்றன. நிழற்படத்தில் நன்றாக வருவது முந்தையது. பசிக்குப் பருவம் கிடையாது என்பதால், ஒவ்வொரு புதன்கிழமையும் தவறாமல் வரும் நால்வரை நம்பித்தான் கிடங்கின் பொறுப்பாளர் அந்த வாரத்துக்கு எத்தனை லாரியை வரச் சொல்லலாம் என்று துணிந்து முடிவெடுக்கிறார்.

கேள்வி: தேதி கடந்த பொருளைக்கூடக் கொடுக்கிறார்களாமே! ஏழைகள் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பதில்: கோபம் நியாயமானது, ஆனால் உறையில் அச்சிட்ட தேதிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ‘இந்தத் தேதிக்குள் உண்டால் சிறப்பு’ என்பது சுவையையும் மொறுமொறுப்பையும் பற்றியது. உலர்ந்த, முத்திரையிட்ட பல பொருட்கள் அதற்குப் பிறகும் உண்ணத் தக்கவையாக இருக்கும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதைக் கடந்ததைக் கொடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கான பால்மாவில் தேதி கடந்துவிட்டால் எந்தச் சலுகையும் இல்லை. எந்தப் பொருளை எவ்வளவு நாள் வைக்கலாம் என்ற அட்டவணை பிரிப்பு மேசையிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாத இடத்தில் அதைக் கேட்டுப் பெறும் உரிமை தன்னார்வலருக்கு உண்டு.

கேள்வி: எந்த வட்டாரத்துக்கு எந்த உணவு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: அருமையான கேள்வி, இதில் ஒரு விந்தையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் உணவு வங்கிகளின் தேசிய அமைப்பு, முன்பு வரிசை முறையில் ஒவ்வொரு வங்கிக்கும் வந்ததை வந்தபடியே ஒதுக்கியது. உருளைக்கிழங்கு விளைச்சலுக்கே பெயர் பெற்ற ஐடஹோ மாநிலத்துக்கு உருளைக்கிழங்கு ஒதுக்கப்பட்டதெல்லாம் அப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்களின் துணையோடு 2005-இல் அந்த முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் அதன் பகுதியிலுள்ள வறியோரின் தேவைக்கேற்ப ‘பங்குகள்’ என்ற உள்நாணயம் தரப்படும். அதைக் கொண்டு வேண்டியதை ஏலத்தில் எடுக்கலாம், செலவான பங்குகள் மீண்டும் எல்லோருக்கும் பிரித்தளிக்கப்படும். ஏலம் என்றதும் பணக்காரருக்குச் சாதகம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே நாணயமே தேவையைப் பார்த்து அளிக்கப்படுவதால், நன்கொடை அதிகம் கிடைக்காத வட்டாரங்கள்கூடத் தங்களுக்கு உண்மையில் குறைவாக இருப்பதைக் கேட்டுப் பெற முடிந்தது.

கேள்வி: பொருளாகக் கொடுப்பது நல்லதா, பணமாகவா?

பதில்: வீட்டில் மிஞ்சியிருப்பதைப் பொருளாகக் கொடுங்கள். புதிதாகக் கடையில் வாங்கிக் கொடுக்க நினைத்தால், அந்தப் பணத்தையே கொடுங்கள். உணவு வங்கி மொத்த விலையில் வாங்கும், குளிர்பதனத்துக்கும் எரிபொருளுக்கும் செலவிடும்.

கேள்வி: இதனால் பசி ஒழிந்துவிடுமா?

பதில்: ஒழியாது. வருமானம் இல்லாததால் வரும் பசியைக் கிடங்கால் தீர்க்க முடியாது. கூலி, வேலை, அரசின் உணவுப் பாதுகாப்பு ஆகியவை அதற்கு வேண்டும். ஆனால் அவை வரும்வரை இன்றைய இரவுச் சாப்பாட்டை ஒரு குடும்பம் தள்ளிப்போட முடியாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் நுகர்வோரைச் சென்றடையக்கூடிய உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 105 கோடி டன், கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணானது. அதில் பெரும்பகுதி வீடுகளில் வீணாவது என்பதால் எந்த உணவு வங்கியின் கைக்கும் எட்டாது. எட்டும் பகுதியை விட்டுவிட அது காரணமாகாது.

கேள்வி: எனக்கு வயது 68. நின்று வேலை செய்ய முடியாது. வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் தர முடியும். என்னால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. உட்கார்ந்தபடியே செய்யும் வேலைகள் உண்டு: பொட்டலங்களில் விவரச்சீட்டு ஒட்டுவது, தொண்டு நிலையங்களைத் தொலைபேசியில் அழைத்து அடுத்த வாரத் தேவையைக் குறித்துக்கொள்வது, வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களின் பட்டியலைச் சரிபார்ப்பது. முதல் நாளே உங்களால் முடியாததைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.