தப்பைச் சொல்லும் முன் எதை யோசிப்பது?

கேள்வி: அலுவலகத்தில் ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்த ஒருவரிடம், எல்லோரும் இருந்த கூட்டத்தில், "உங்களுக்குப் பொறுப்பே இல்லை, எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். வேறு பிரிவிலிருந்து அவருக்கு வரவேண்டிய கணக்கே தாமதமாகத்தான் வந்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். வீட்டிலும் இதே பிரச்சினை. "யோசித்துப் பேசு" என்கிறார்கள், எதை யோசிப்பது என்று யாரும் சொல்வதில்லை. தவறைக் கண்டும் காணாததுபோல இருக்க என்னால் முடியாது. என்ன செய்வது?

பதில்: காணாததுபோல இருக்க வேண்டாம். ஒரு குழுவுக்குப் பொறுப்பானவர் தவறைச் சொல்லாமல் விட்டால், அந்தச் சுமை ஒழுங்காக வேலை செய்பவர்கள் தலையில்தான் விழும். எதை யோசிப்பது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

நீங்கள் அன்று சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அறிக்கை தாமதமாக வந்தது. இது நீங்கள் கண்ணால் பார்த்தது. அவருக்குப் பொறுப்பில்லை என்பது, பார்த்ததை வைத்து நீங்களாகக் கட்டிய முடிவு. "எப்பவும்" என்றீர்களே, அது எண்ணிப் பார்க்காமல் வந்த சொல். அவர் இதுவரை கொடுத்த அறிக்கைகளின் தேதிகளை எடுத்து வரிசையாக வைத்தால் அந்தச் சொல் நிற்குமா என்று தெரிந்துவிடும். விமர்சனத்துக்கு முன் யோசிப்பது என்றால் பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான்: சொல்லப்போவதில் பார்த்தது எது, நாமாகச் சேர்த்தது எது என்று பிரிப்பது. குரலைத் தாழ்த்துவதும் சொல்லை மென்மையாக்குவதும் அப்புறம். தவறான முடிவை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது தவறான முடிவுதான்.

நாம் ஏன் இவ்வளவு சுலபமாக மனிதர்மேல் முடிவு கட்டிவிடுகிறோம்? அடுத்தவர் செயலுக்கு அவருடைய குணத்தையே காரணமாக்கி, அவர் இருந்த சூழ்நிலையைக் குறைத்து எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு, லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் பெயரே வைத்தார். அதற்கு முன்பே, 1973-இல், ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஒரு பரிசோதனையை என்னிடம் வருபவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். இறையியல் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு உரையாற்ற அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு, இருமி முனகிக்கொண்டிருப்பார். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். மொத்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை! நிற்காமல் போன ஒருவரை நாம் பார்த்திருந்தால் "ஈவு இரக்கமே இல்லாதவர்" என்றுதான் சொல்லியிருப்போம். அவரை யார் விரட்டினார்கள் என்பது நம் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் கூட்டத்தில் நடந்ததும் அதேதான். தாமதம் தெரிந்தது, கணக்கு வராதது தெரியவில்லை.

சரி, அவருக்கு உண்மையிலேயே பொறுப்பு குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை அப்படிச் சொல்வதால் பயன் கிடைப்பது அரிது. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதன் விளைவை அளந்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996-இல் வெளியிட்டார்கள். சராசரியாக வேலை மேம்பட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சந்தர்ப்பங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமானது. அவர்கள் தந்த விளக்கம், கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன் மேலேயே திரும்பும்போது பலன் குறைகிறது என்பது. "மூன்றாம் பக்கத்துக் கூட்டல் தவறு" என்றால் கை மூன்றாம் பக்கத்துக்குப் போகும். "உங்களுக்குக் கவனமே இல்லை" என்றால் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் இறங்கிவிடும், கூட்டல் அப்படியே கிடக்கும்.

அதனால் அடுத்த முறை வாய் திறக்கும் முன், சொல்லப்போவது ஒரு செயலா, ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பா என்று பாருங்கள். செயல்தான் என்றால், அதை மாற்றுவது அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் விமர்சனத்தைக் கேள்வியாக்கிவிடுங்கள்: "அறிக்கை நேற்று வந்திருக்க வேண்டும். எங்கே நின்றது?" இதை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். குத்தலாகக் கேட்டால் அதுவும் தீர்ப்புதான். தனியாகக் கேளுங்கள். பலர் முன்னால் கேட்டால் சரியான விமர்சனம்கூட அவமானமாகத்தான் போய்ச் சேரும். கோபம் கொதிக்கும்போது ஒத்திப்போடலாம், ஆனால் ஒரேயடியாகத் தள்ளிப்போடக் கூடாது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டுவதுதான் "எப்பவும் இப்படித்தான்" ஆக வெளியே வருகிறது. யாருக்காவது ஆபத்து, அல்லது ஒருவர் இன்னொருவரைக் கேவலப்படுத்துகிறார் என்றால் இந்த யோசனை எதுவும் வேண்டாம், அந்த இடத்திலேயே தடுத்துப் பேசுங்கள்.

முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று பொதிந்து கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாளடைவில் நீங்கள் பாராட்டத் தொடங்கினாலே எதிரில் இருப்பவர் அடுத்து வரப்போவதற்குத் தயாராகிவிடுவார், பாராட்டும் வீணாகும்.

வீட்டு விஷயத்தில் பேச்சின் தொடக்கத்தைக் கவனியுங்கள். காட்மன், கரேர் என்ற இரு ஆய்வாளர்கள் 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதத்தைப் பதிவு செய்து, முதல் 3 நிமிடம் எப்படிப் போனது என்பதே பின்னால் நேரும் மணமுறிவோடு தொடர்புடையதாக இருந்தது என்று 1999-இல் காட்டினார்கள். "சொன்ன நேரத்துக்கு நீ வராததால் நான் தனியாகக் காத்திருந்தேன்" என்பது குறை. "உனக்கு யாரைப் பற்றியும் அக்கறையில்லை" என்பது தாக்குதல். முதலாவதற்குப் பதில் சொல்ல முடியும், இரண்டாவதற்குச் சண்டைதான் போட முடியும்.

இனி அந்த ஊழியர். எல்லோர் முன்னிலையிலும் சொன்னதை எல்லோர் முன்னிலையிலும்தான் திரும்பப் பெற வேண்டும். "தாமதத்துக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. கேட்காமலே உங்களைப் பொறுப்பில்லாதவர் என்றேன். அது தவறு, மன்னித்துவிடுங்கள்." இவ்வளவு போதும். "ஆனால் நீங்களும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்" என்று வால் சேர்க்காதீர்கள். அதைப் பேச வேண்டுமானால் இன்னொரு நாள், தனியாக. அவர் உடனே பழையபடி கலகலப்பாகப் பேசாவிட்டால் அதையும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த அறிக்கைக்குக் கணக்கு எந்தத் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பிரிவோடு பேசி அதை வாங்கிக் கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.